ஏரியில் பச்சை ஏடு: நீலப்பச்சைப் பாசியை அறிகுறி பார்த்துக் கையாளும் வழிமுறை

ஊர்க்குளம், பாசனக் கண்மாய், கோயில் தெப்பக்குளம், மீன் பண்ணை என எங்கே தண்ணீர் திடீரென்று பச்சையானாலும், எதைப் பார்க்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை அறிகுறி வாரியாகக் கீழே தருகிறோம். உங்கள் குளத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அதற்குமுன் அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

நீலப்பச்சைப் பாசி, செடியைப்போல வெயிலைக் கொண்டு வளரும் ஒரு பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்று பெயர். இதில் பல இனங்கள் நஞ்சு சுரப்பவை. மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். அனாடாக்ஸினும் சாக்ஸிடாக்ஸினும் நரம்பைத் தாக்கும். சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் கெடுக்கும். பெரும்பாலான இனங்களில், பாசி உயிரோடு இருக்கும்வரை நஞ்சின் பெரும்பகுதி அதன் செல்லுக்குள்ளேயே கிடக்கும். செல் உடைந்ததும் தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்த நஞ்சைத் துணியில் வடிகட்டியோ, மணலில் மேலோட்டமாக வடித்தோ, கொதிக்கவைத்தோ எடுக்க முடியாது. அதனால் பச்சையைக் கண்டதும் மருந்தடித்துக் கொல்வது பல நேரங்களில் இருந்த ஆபத்தைப் பெரிதாக்கிவிடும். "இப்போது நான் செய்யப்போவது செல்லை உடைக்குமா?" என்ற கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பார்த்து நஞ்சு உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே இனத்திலேயே நஞ்சு சுரக்கும் வகையும் சுரக்காத வகையும் கலந்து வளரும். ஆய்வக முடிவு கைக்கு வரும்வரை நஞ்சு இருக்கிறது என்றே நடந்துகொள்ள வேண்டும்.

சந்தேகம் வந்த அன்றே செய்ய வேண்டியவை

குளிப்பதையும் துவைப்பதையும் நிறுத்துங்கள். ஆடு மாடுகளை வேறு தண்ணீருக்கு ஓட்டுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். நீந்திவிட்டு வந்து ரோமத்தை நக்கினாலே அதற்கு ஆபத்தான அளவு உள்ளே போய்விடும். எல்லாப் படித்துறையிலும் மாடு இறங்கும் சரிவிலும் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். கரையோர ஏட்டைக் குழந்தைகள் கையால் அள்ளி விளையாடும் இடங்களில் ஆள் நின்று தடுக்க வேண்டும். நீரூற்றோ மோட்டார் படகோ ஓடினால் நிறுத்துங்கள். தெறிக்கும் திவலையை மூச்சோடு இழுத்தாலும் நஞ்சு உள்ளே போகும். ஊராட்சி, சுகாதார ஆய்வாளர், கால்நடை மருத்துவர் ஆகியோருக்கு அன்றே தகவல் போக வேண்டும். குளத்து நீர் குடிநீர்த் தொட்டிக்கு ஏறுகிறதென்றால் குடிநீர் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

அறிகுறி: மேலே பச்சை ஏடு. நீலப்பச்சைப் பாசிதானா?

ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு நீண்ட குச்சியால் ஏட்டைத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாக, தலைமுடிபோல் தொங்கினால் அது இழைப்பச்சைப் பாசி. தொல்லைதான், ஆனால் இந்த நஞ்சு அதில் இல்லை. குச்சியில் பச்சைப் பெயிண்ட் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு எதுவும் தொங்கவில்லை என்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஜாடி சோதனை. கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நீரெடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, மூடியை இறுக்காமல் (உள்ளே வாயு சேரும்) குளிர்பெட்டியில் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை எல்லாம் மேலே வளையமாக மிதந்தால் நீலப்பச்சைப் பாசி. அதன் செல்லுக்குள் வாயு நிரம்பிய நுண்குழல்கள் இருப்பதால் மிதக்கிறது. அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. ஜாடியை அசைத்துவிட்டாலோ, நீரை எடுத்ததும் வெயிலில் வைத்திருந்தாலோ இந்தச் சோதனை பொய் சொல்லும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் அதே ஏட்டைப் பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் உறையவைத்து, உருகவிட்டு, வெள்ளைத் துணியில் வடியுங்கள். வடிந்த நீர் நீலமாக இருந்தால் ஐயமே வேண்டாம். உறைந்ததில் செல் வெடித்து, இந்த பாக்டீரியாவுக்கே உரிய நீல நிறமி வெளிவந்திருக்கிறது. அந்த நீரில் நஞ்சும் கரைந்திருக்கலாம். சாக்கடையில் ஊற்றாமல் குழி தோண்டிப் புதையுங்கள்.

குழப்பும் வேறு சில உண்டு. விரலில் எடுத்தால் குட்டி இலையும் கீழே ஒரு வேரும் தெரிந்தால் அது நீரில் மிதக்கும் சிறுசெடி. சிவப்புப் பச்சைச் செதில்களாக இருந்தால் அசோலா. காலையில் பச்சையாக இருந்து வெயில் ஏற ஏறச் செங்கல் நிறத்துக்கு மாறும் மெல்லிய படலம் யூக்ளினா. அதில் மீனைக் கொல்லும் வகை உண்டு என்பதால் அதையும் பரிசோதிக்க வேண்டும், ஆனால் கையாளும் முறை வேறு.

நீலப்பச்சைப் பாசிக்குள்ளும் பார்வையிலேயே ஓரளவு பிரிக்கலாம். ரவை அளவில் பச்சைத் துகள்கள் நீரில் தொங்கினால் பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். நம் கோயில் குளங்களில் அதிகம் காண்பது இதுதான். வெட்டிய புல் துணுக்குகள் மிதப்பதுபோல் இருந்தால் அஃபனிசோமினான். கரைக்கல்லில் ஏடு காய்ந்து வெளிர் நீலமாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால், பாசி அங்கே செத்துச் செல்கள் உடைந்துவிட்டன. அந்த இடத்து நீரில்தான் நஞ்சு அதிகம் இருக்கும். காய்ந்த ஏட்டிலும் நஞ்சு மாதக்கணக்கில் தங்கும். அதை எருக்குழியில் போடாதீர்கள்.

அறிகுறி: காலையில் ஏடு, மதியம் காணோம், அல்லது ஒரு கரையில் மட்டும்

பாசி போய்விட்டது என்று பலகையை எடுத்துவிடாதீர்கள். காற்றில்லாத இரவில் செல்கள் மிதந்து மேலே கூடும். பகலில் ஒளிச்சேர்க்கையால் மாவுச்சத்து சேர்ந்து கனம் கூடியதும் கொஞ்சம் கீழே இறங்கும். காற்று எழுந்தால் நீரோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். காற்று ஒரே திசையில் வீசினால் ஏரி முழுவதிலும் பரவியிருந்தது எதிர்க்கரையில் குவியும். அப்படிக் குவிந்த இடத்தில் செறிவு நடு ஏரியைவிட ஆயிரம் மடங்குகூட இருக்கலாம். நடு ஏரியில் எடுத்த ஒரு பாட்டிலை வைத்து "பயமில்லை" என்று அறிவிப்பதும், கரையில் எடுத்ததை வைத்து ஏரி முழுவதையும் மதிப்பிடுவதும் ஒரே தவறுதான்.

மாதிரி எடுக்கும்போது இரண்டு இடம் வேண்டும். ஒன்று காற்று ஒதுக்கிய கரை. மற்றது திறந்த நீரில் மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. ஆழம். விடியற்காலையில் எடுங்கள். நஞ்சுச் சோதனைக்குப் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் நல்லது. சாதாரண பிளாஸ்டிக்கின் சுவரில் மைக்ரோசிஸ்டின் ஒட்டிக்கொண்டு முடிவைக் குறைத்துக் காட்டும். பனிக்கட்டிப் பெட்டியில், இருட்டில், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நுண்ணோக்கியில் இனம் காண இன்னொரு பாட்டில் தேவை. அதில் லூகால் அயோடின் கரைசலைப் பால் கலக்காத தேநீர் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். அயோடின் விட்ட பாட்டிலை நஞ்சுச் சோதனைக்குக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

காற்று ஒதுக்கிய ஏட்டை அகற்ற நல்ல நேரம் அதிகாலை. நெருக்கமான நைலான் வலையாலோ, மேலோட்டமாக உறிஞ்சும் குழாயாலோ எடுக்கலாம். அடித்துக் கலக்காமல், மிதிக்காமல் எடுக்க வேண்டும். வடிந்த நீர் மீண்டும் ஏரிக்கு ஓடாத தூரத்தில், கால்நடை வராத குழியில் கொட்டி மண் மூடுங்கள்.

அறிகுறி: ஏடே இல்லை, தண்ணீர் மட்டும் பச்சையாகவோ பழுப்பாகவோ மங்கல்

ஏடு கட்டாத நச்சு இனங்களும் உண்டு. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் நீர் முழுக்கச் சீராகக் கலந்து வளரும். ஏடு இல்லாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. முன்பு சொன்ன அடிப்படைக்கு இது ஒரு விதிவிலக்கும்கூட. இதன் நஞ்சில் கணிசமான பங்கு, செல் உயிரோடு இருக்கும்போதே வெளியே கசியும். பிளாங்க்டோத்ரிக்ஸ் இனங்களும் ஏடின்றி நீரைக் கலங்கலாக்கும்.

கயிற்றில் கட்டிய 20 செ.மீ. வெள்ளைத் தட்டை இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று வாரம் ஒரு முறை எழுதி வையுங்கள். ஒரு மீட்டருக்கு முன்பே மறைந்து, நீரில் பச்சைச் சாயலும் இருந்தால் நுண்ணோக்கிச் சோதனை அவசியம். நம் ஏரிகளில் செம்மண் கலங்கல் இதை மறைத்துவிடும். அப்போது ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சிட்டிகை படிகாரம் போட்டுக் கலக்கித் தெளியவிட்டு, படிந்த வண்டலின் நிறத்தைப் பாருங்கள். செம்மண்ணுக்கு மேல் பச்சை அடுக்கு தெரிந்தால் மாதிரி அனுப்புங்கள்.

அறிகுறி: மண்வாடை, அழுகல் நாற்றம்

மழை விழுந்த மண் வாடை தண்ணீரில் வந்தால் ஜியோஸ்மினோ அதன் கூட்டாளியான 2-மெத்தில் ஐசோபோர்னியோலோ இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 10 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். இவை நஞ்சல்ல. ஆனால் இவற்றைச் சுரப்பவற்றில் நீலப்பச்சைப் பாசியும் உண்டு என்பதால் வாடையை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாடை இல்லை என்பது நஞ்சு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அழுகிய முட்டைக்கோசு நாற்றம் வந்தால் கட்டம் வேறு. பாசி கூட்டமாகச் செத்து அழுகுகிறது, ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது, செல்கள் உடைந்துகொண்டிருக்கின்றன. 2007-இல் சீனாவின் தாய்ஹு ஏரியில் அழுகிய பாசித் திரள் குடிநீர் உறிஞ்சும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஊஷி நகரில் சுமார் 20 லட்சம் பேரின் குழாய் நீர் நாறிப்போய்ப் பல நாள் பயன்படாமல் கிடந்தது.

அறிகுறி: விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

இது பெரும்பாலும் நஞ்சால் வருவதில்லை, மூச்சுத் திணறலால் வருகிறது. பகலில் ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுக்கும் அதே பாசி இரவெல்லாம் அதை உறிஞ்சும். விடியற்காலை 4 முதல் 6 மணிக்குள் அளவு அடிமட்டத்துக்கு வரும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை வகைகள் திணறும், 2-க்குக் கீழே நீடித்தால் சாகும். மதியம் அளந்தால் 15 வரைகூடக் காட்டும், எல்லாம் நலம் என்று தோன்றும். கருவியை விடியற்காலை 5 மணிக்குத்தான் நீரில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகம் கவிந்தாலும், பாசி ஒரேயடியாகச் செத்தாலும் இது உச்சத்துக்குப் போகும்.

உடனே தீவனத்தை நிறுத்துங்கள். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நள்ளிரவில் ஆரம்பித்துச் சூரியன் நன்றாக ஏறும்வரை ஓட்டுங்கள். ஏரேட்டர் இல்லையென்றால் போர் தண்ணீரை உயரத்திலிருந்து தகட்டில் விழுந்து சிதறுமாறு பாய்ச்சுங்கள். அடியில் இருக்கும் கருப்புச் சேற்றைக் கிளறிவிடாதீர்கள். அது மிச்சமுள்ள ஆக்ஸிஜனையும் தின்றுவிடும்.

மதியம் அல்லது மாலையில் மீன் சாகிறதென்றால் பி.எச். அளவை, அதாவது நீரின் அமில காரத் தன்மையைப் பாருங்கள். அடர்ந்த பாசி கரியமில வாயுவை உறிஞ்சி எடுப்பதால் பிற்பகலில் பி.எச். 9-க்கு மேல் போகும். நீரின் அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம், 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7.5-இல் சுமார் 2.5 சதவீதம்தான். பி.எச். 9-இல் அதுவே 45 சதவீதத்தை நெருங்கும். பாசி அடர்ந்த குளத்தில் சுண்ணாம்பு தெளிப்பது இங்கேதான் கொலையாகிறது. ஏற்கெனவே ஏறிய பி.எச். இன்னும் ஏறும்.

எந்த மீன் செத்தது என்பதே பாதித் துப்பு. பெரிய கட்லாவும் ரோகும் முதலில் செத்து, ஜிலேபிக் கெண்டை தாக்குப்பிடித்து, விராலும் கெளுத்தியும் தப்பியிருந்தால் ஆக்ஸிஜன் பற்றாக்குறை. ஏனென்றால் விரால் நேராகக் காற்றை விழுங்கும். விராலும் நத்தையும் தவளையும் சேர்ந்து செத்தால் பூச்சிமருந்து அல்லது வேறு நஞ்சைச் சந்தேகியுங்கள்.

செத்து மிதந்த மீனை விற்கவோ தின்னவோ கூடாது. கருவாடாக்கினாலும் கூடாது. பாசி படர்ந்த நீரில் உயிரோடு பிடித்த மீனையும், தண்ணீர் தெளிந்து பரிசோதனை வரும்வரை தவிர்ப்பதே நல்லது. வேறு வழியே இல்லாத வீடுகளில் குடல், ஈரல், தலை எல்லாவற்றையும் நீக்கிச் சதையை நல்ல நீரில் கழுவிச் சமைக்கட்டும். நஞ்சு அதிகம் சேர்வது உள்ளுறுப்பில்தான். முழுதாகத் தின்னும் பொடிமீனும் நத்தையும் கட்டாயம் வேண்டாம். சமைத்தாலோ உறையவைத்தாலோ மைக்ரோசிஸ்டின் அழியாது.

அறிகுறி: தண்ணீர் குடித்த ஆடு மாடு, நாய் சாகிறது

ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் ஆடு, குதிரை, நாய் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 1878-இல் பதிவு செய்ததிலிருந்து காட்சி மாறவில்லை. குடித்த சில நிமிடங்களிலிருந்து ஒரு நாளுக்குள், தண்ணீருக்குப் பக்கத்திலேயே விழும். முகவாயிலும் காலிலும் பச்சைக் கறை இருக்கும். நரம்பு நஞ்சென்றால் தள்ளாட்டம், இழுப்பு, மூச்சு நின்றுபோதல். கல்லீரல் நஞ்சென்றால் சோர்வு, வெளுத்த ஈறு, வயிற்றுப்போக்கு. 2020-இல் போட்ஸ்வானாவில் 330-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தபோது, நீர்க்குட்டைகளில் வளர்ந்த சயனோபாக்டீரியா நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

மாற்று மருந்து கிடையாது. மீதி மந்தையை உடனே விலக்கி நல்ல தண்ணீர் காட்டுங்கள். உடம்பில் ஒட்டிய பாசியைக் கையுறையோடு கழுவுங்கள். பிழைத்த மாடுகளை வாரக்கணக்கில் நிழலில் கட்டுங்கள். கல்லீரல் கெட்ட மாட்டின் தோல் வெயிலில் வெந்துபோகும். கால்நடை மருத்துவரிடம் உடற்கூறு ஆய்வு கேளுங்கள். இரைப்பை நீரும் ஏரியின் ஏடும் அன்றே எடுக்கப்பட்டால்தான் பூச்சிமருந்தா பாசியா என்று பிரிக்க முடியும். இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோலத் தெரியலாம்.

அறிகுறி: குளித்தவர்களுக்கு அரிப்பு, வாந்தி

சோப்பும் நல்ல நீரும் போட்டு உடனே கழுவ வேண்டும். ஈரத் துணியை மாற்ற வேண்டும். தோல் தடிப்பு, கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் தானே அடங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடு மரத்தல், தசை தளர்ச்சி, மஞ்சள் காமாலை இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். "பச்சைத் தண்ணீரில் குளித்தார்" என்பதை மருத்துவரிடம் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

அறிகுறி: குடிநீருக்கு எடுக்கும் ஏரியில் பாசி

இங்கே தவறினால் விலை மிகப் பெரியது. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்காத ஏரி நீர் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் போனது. மைக்ரோசிஸ்டின் நேராக இரத்தத்தில் கலந்து 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். உங்கள் ஏரியிலிருந்து லாரித் தண்ணீர் எந்த மருத்துவமனைக்காவது போகிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 5 லட்சம் பேருக்கு "குழாய் நீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்" என்று அறிவிப்பு வந்தது. கொதிக்கவைத்தால் மைக்ரோசிஸ்டின் அழியாது. செல் வெடிக்கும், நீர் ஆவியாகும், மிஞ்சிய நீரில் நஞ்சு கூடும். "எதற்கும் காய்ச்சிக் குடி" என்று வளர்ந்த நமக்கு இதை ஏற்பது கடினம். அதனாலேயே ஊர் முழுக்கத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் நீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். மாற்று ஏற்பாடு செய்யும்வரையான குறுகிய காலத்துக்கு 12. குளிக்கும் நீரில் 24. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே வேறு தண்ணீர் கொடுங்கள்.

சுத்திகரிப்பில் வரிசைதான் உயிர். முதலில் செல்லை உடைக்காமல் முழுசாக வெளியேற்றுங்கள். ஏட்டுக்குக் கீழே, ஆனால் அடிச்சேற்றுக்கு மேலே, நடு ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சுங்கள். உறிஞ்சும் இடத்தைச் சுற்றி மிதவையில் கட்டிய திரையை ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தொங்கவிடுங்கள். ஏரி நீரில் நேராகக் குளோரினோ ப்ளீச்சிங் பவுடரோ போடுவதை நிறுத்துங்கள். அது செல்லை உடைப்பதோடு, குளோரினும் பாசியின் சத்திலேயே செலவாகித் தீர்ந்துவிடும். படிகாரம் போட்டுச் செல்களைத் திரளவைத்துப் படியவையுங்கள். அந்தக் கசடை ஒரு நாளுக்குமேல் தொட்டியில் விடாதீர்கள். அங்கேயே செல் அழுகி நஞ்சை விடும். மணல் வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவிய நீரையும் மீண்டும் ஆரம்பத் தொட்டிக்கு அனுப்பக் கூடாது.

அடுத்தது கரைந்த நஞ்சு. தூளாக்கிய செயலூட்டிய கரியை (நஞ்சை ஈர்த்துப் பிடிக்குமாறு தயாரித்த கரி) லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில் தொடங்கி, சோதனையைப் பார்த்துக் கூட்டுங்கள். மைக்ரோசிஸ்டினுக்கு மரக்கரி வகை நன்றாக வேலை செய்யும். கடைசியில் குளோரின். செல் நீங்கிய தெளிந்த நீரில், பி.எச். 8-க்குக் கீழே, 30 நிமிடத்துக்குப் பின்னும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் நின்றால் மைக்ரோசிஸ்டின் சிதையும். அனாடாக்ஸினுக்கு இது போதாது. எது இருக்கிறது என்று தெரியாமல் குளோரினை நம்பாதீர்கள்.

வீட்டு ஆர்.ஓ. கருவி, சவ்வு நல்ல நிலையில் இருந்தால், பெரும்பகுதியை நிறுத்தும். யு.வி. விளக்கு மட்டும் உள்ள கருவியும் பீங்கான் மெழுகுவர்த்தி (கேண்டில்) வடிகட்டியும் உதவாது. வேறு வழியில்லாத ஊருக்கு எங்கள் முதல் தேர்வு, கரையில் மணல் வழியாக ஊறி வரும் கிணறு. மணல் செல்லைத் தடுக்கும், மணலில் வாழும் நுண்ணுயிர்கள் நஞ்சிலும் நிறையத் தின்றுவிடும். அதையும் சோதித்த பிறகே குடிக்கக் கொடுங்கள்.

பாசனத்துக்கு எடுப்பதென்றால் வாய்க்கால் வழியாக வேரில் பாயட்டும். கீரையின் மேல் தெளிப்பான் வேண்டாம்.

அறிகுறி: துரிசு போட்டோம், தெளிந்தது, பிறகு ஊரில் நோய் வந்தது, பாசியும் திரும்பியது

துரிசு என்னும் மயில்துத்தம் பாசியைக் கொல்லும், ஐயமில்லை. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி பெருகி, நீர் நாறியதால் மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் 148 பேருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பாதித்தன. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அங்கே கண்டெடுத்த பாசியிலிருந்துதான் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் அடையாளம் காணப்பட்டது. நீர் தெளிந்த நாளிலேயே நஞ்சு உச்சத்தில் இருந்திருக்கிறது.

பாசி திரும்புவதற்கும் காரணம் உண்டு. செத்த பாசியின் பாஸ்பரஸ் நீரிலேயே இருக்கிறது. பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிகளைத் துத்தம் சேர்த்துக் கொன்றுவிட்டது. செம்பு சேற்றில் சேர்ந்துகொண்டே போகிறது. ஏடு கட்டிய ஏரியில் இதைப் போட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் நீர் எடுப்பதை நிறுத்துங்கள். ஏடு மறைந்தபின்னும் நஞ்சு சில நாள் முதல் சில வாரம் வரை நிற்கும். ஒரு வார இடைவெளியில் இரண்டு சோதனைகள் தொடர்ந்து சரியாக வந்தபின் திறவுங்கள்.

அறிகுறி: சோதனைப் பட்டை "குறைவு" என்கிறது, கண்ணெதிரே ஏடு மிதக்கிறது

பட்டை, கரைந்த நஞ்சை மட்டும் அளந்திருக்கிறது. செல்லுக்குள் இருப்பது கணக்கில் வரவில்லை. மாதிரியை மூன்று முறை உறையவைத்து உருக்கியோ, பெட்டியோடு வரும் செல் உடைக்கும் கரைசலைக் கலந்தோ மறுபடி அளங்கள். செல்லை உடைப்பது சரியாக இருக்கும் இடம் இந்தச் சோதனைக் குப்பி ஒன்றுதான். ஒரு பட்டை ஒரு வகை நஞ்சைத்தான் காட்டும். மைக்ரோசிஸ்டின் பட்டைக்கு அனாடாக்ஸின் தெரியாது.

அறிகுறி: ஒவ்வோர் ஆண்டும் வருகிறது

கனடாவில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழு ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தது. பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது. நீலப்பச்சைப் பாசியில் பல இனங்கள் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸை அப்படி எடுக்க முடியாது. ஆகவே கணக்குப் பார்க்க வேண்டியது பாஸ்பரஸை.

ஒரு ஏக்கர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 40 லட்சம் லிட்டர் நீர். பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டினாலே பாசிக்குச் சாதகம். அதற்குத் தேவை 120 கிராம் பாஸ்பரஸ், அதாவது 600 கிராம் டி.ஏ.பி. உரம். 50 கிலோ மூட்டை ஒன்றில் இருக்கும் 10 கிலோ பாஸ்பரஸ் 80 ஏக்கர் குளத்துக்குப் போதும். உரமிட்ட மறுநாள் பெய்யும் கோடைமழை ஒன்று போதும், அந்த வருஷத்துப் பாசிக்கு விதை விழுந்துவிடும்.

வரத்துக்காலில் நடந்து பாருங்கள். எங்கே சாக்கடை சேர்கிறது, எந்தக் கழிவறைத் தொட்டி கசிகிறது, எங்கே மாடு கழுவுகிறார்கள், எங்கே வாகனம் சோப்பு போட்டுக் கழுவப்படுகிறது என்று குறியுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் விழுந்துகொண்டிருந்த கழிவுநீரை 1963 முதல் 1968-க்குள் திருப்பிவிட்ட பின், சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. மருந்து எதுவும் போடவில்லை. நம் ஊரில் சாக்கடையைத் திருப்ப முடியாவிட்டால் ஏரிக்கு முன்னால் ஒரு படிவுக் குட்டை வெட்டி, அதில் சம்பும் நாணலும் வளருங்கள். வயலுக்கும் கரைக்கும் இடையில் உரம் படாத புல்வரப்பு விடுங்கள். தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி கொட்டுவதும் பாஸ்பரஸ்தான். பக்தர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

குளத்துத் தாமரையையும் கோரையையும் முழுவதுமாக அழிக்காதீர்கள். சத்துக்குப் பாசியோடு போட்டியிடுபவை அவை. புல்கெண்டை விட்டால் செடியைத் தின்று, சத்தைக் கழிவாக நீரில் விட்டு, பாசிக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். சாதாக் கெண்டை சேற்றைக் கிளறும்.

வெளியிலிருந்து வருவதை நிறுத்திய பிறகும் பாசி வந்தால் மூலம் அடிச்சேற்றில் இருக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத சேறு பல ஆண்டு சேர்ந்த பாஸ்பரஸைக் கோடையில் மேலே விடும். ஸ்வீடனின் ட்ரம்மன் ஏரியில் 1970, 71-இல் மேல் சேற்றை உறிஞ்சி எடுத்த பின்னரே ஏரி மீண்டது. நமக்கு இது எளிது. கண்மாய் வற்றும் வைகாசி, ஆனியில் அனுமதி பெற்று மேல் வண்டலை அள்ளி வயலில் போடலாம். பாஸ்பரஸும், அதில் உறங்கும் பாசி விதைகளும் சேர்ந்து வெளியேறும். அள்ளிய வண்டலை உள்கரையிலேயே குவித்தால் முதல் மழையில் எல்லாம் திரும்பிவிடும்.

ஆழமான ஏரியில் அடியிலிருந்து காற்றுக் குமிழ் விட்டு நீரைக் கலக்கலாம். ஆம்ஸ்டர்டாமின் நியூவே மேர் ஏரியில் இது மைக்ரோசிஸ்டிஸை அடக்கியது. 3 மீட்டர் ஆழமுள்ள நம் கண்மாயில் இது சேற்றைத்தான் கிளறும். லாந்தனம் என்னும் உலோகம் கலந்த களிமண் பாஸ்பரஸைப் பூட்டும், ஆனால் சாக்கடை வரத்து நிற்காத குளத்தில் போட்டால் பணம் வீண். ஹைட்ரஜன் பெராக்சைடை நெதர்லாந்தில் 2009-இல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் ஏரி முழுக்கச் சீராகக் கலந்து பிளாங்க்டோத்ரிக்ஸை அழித்தார்கள். மருந்து இரண்டு நாளில் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிட்டது. அது கருவியோடும் நிபுணரோடும் செய்த வேலை, வாளியில் கொட்டுவதல்ல. நுண்ணுயிர் உருண்டை, ஒலி அலைப் பெட்டி, வைக்கோல் கட்டு ஆகியவற்றைச் செலவு செய்து வாங்குமுன், விற்பவரிடம் ஓராண்டின் பாஸ்பரஸ் அளவுகளை எழுத்தில் கேளுங்கள்.